பத்துக் கிலோவும் இருபது சென்டிமீட்டரும்

ஒரு வாளி, இரண்டு வாளி

மோட்டார் பழுதான நாளில் கீழ்த்தொட்டியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இந்தப் புதிர் தெரியும். ஒரு கையில் மட்டும் வாளி என்றால் உடம்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது. இரண்டாவது நடையிலேயே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அடுத்த கைக்கும் ஒரு வாளி கொடுத்தால் சுமை இரட்டிப்பாகிறது. ஆனால் நிமிர்ந்து நடக்க முடிகிறது. விரல் சிவக்கும், மூச்சு வாங்கும். இடுப்பு மட்டும் புகார் சொல்வதில்லை. 10 கிலோவுக்கு முனகிய முதுகு 20 கிலோவை எப்படிப் பொறுத்துக்கொள்கிறது?

இது மனப்பிரமை அல்ல. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஸ்டூவர்ட் மெக்கில், தன் கூட்டாளிகளோடு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்களை எடை தூக்கி நடக்கவைத்து, முதுகின் கீழ்ப்பகுதியில் விழும் அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். ஒரு கையில் 30 கிலோ இருந்தபோது இருந்த அழுத்தம், அதையே கைக்கு 15ஆகப் பிரித்துக் கொடுத்ததும் குறைந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். பிறகு கைக்கு 30 வீதம் மொத்தம் 60 கிலோ கொடுத்தார்கள். அப்போதும் முதுகின் அழுத்தம், ஒரே கையில் 30 கிலோ தூக்கியபோது இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

இந்தப் புதிரைப் பிரித்துப் பார்க்க கோல்ஃப் பையைவிட வாட்டமான பொருள் கிடையாது. அது நீளமானது, ஒரு முனையில் மட்டும் கனத்தது, 10 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. அதைச் சுமந்துகொண்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் மேடும் பள்ளமுமாக நடக்க வேண்டும்; சும்மா நடந்தால் போதாது, வழியில் 70 தடவையாவது இறக்கி வைத்துத் திரும்பத் தூக்க வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் 1999இல் திறந்த பாண்டன் டியூன்ஸ், நியூயார்க் அருகே இருக்கும் பெத்பேஜ் பிளாக் போன்ற மைதானங்களில் மோட்டார் வண்டிக்கே இடமில்லை. நடந்துதான் ஆட வேண்டும். அங்கே போகிறவர் எந்தப் பையோடு போக வேண்டும் என்பது, பார்க்கப்போனால், முதுகெலும்பைப் பற்றிய கேள்வி.

கோர்ட் ஏறிய களைப்பு

நடப்பதே களைப்புதானே, பை என்ன பை என்று கேட்கலாம். இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கேசி மார்ட்டின் என்ற தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பிறவியிலேயே வலது காலில் இரத்த ஓட்டக் கோளாறு. போட்டிகளில் வண்டியில் போக அனுமதி கேட்டார். நடையும் அதனால் வரும் களைப்பும் ஆட்டத்தின் பகுதி, ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் ஆட்டமே மாறிவிடும் என்றது பிஜிஏ டூர் அமைப்பு. 2001இல் நீதிபதிகள் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மார்ட்டின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பில் ஒரு நிபுணரின் சாட்சியம் வருகிறது. 18 குழிகளுக்கும் நடக்கும் தூரம் சுமார் 8 கிலோமீட்டர். அதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 500 கலோரி. ஒரு பிக் மேக் பர்கரில் கிடைப்பதைவிடக் குறைவு. அதுவும் ஐந்து மணி நேரத்தில், நடுநடுவே நின்று நின்று.

ஆக, நடைக்கான ஆற்றல் பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொழில்முறைப் போட்டிகளில் ஆட்டக்காரர் வெறுங்கையோடு நடக்கிறார். பையைத் தூக்குவது கேடி, அதாவது பை சுமந்து கூடவே வரும் உதவியாளர். தன் பையைத் தானே சுமக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்று சொல்வதில்லை. தோளையும் இடுப்பையும் தடவிக்கொண்டு தைலத்தைத் தேடுகிறார். கலோரிக் கணக்கில் சிக்காத ஏதோ ஒன்று அங்கே நடந்திருக்கிறது.

பைக்குள்ளே

முதலில் தராசை எடுப்போம்.

டிரைவர் என்கிற நீள மட்டை பார்க்கத்தான் பெரிது, எடை 310 கிராம் அளவில்தான். இரும்புத் தலை மட்டைகள் ஒவ்வொன்றும் 400 கிராமைத் தாண்டும். மணல்குழியிலிருந்து பந்தைத் தூக்கும் வெட்ஜ் 460 வரை வரும். கடைசியில் பந்தைக் குழிக்குள் தள்ளும் பட்டர் அரைக் கிலோ. விதி அனுமதிப்பது 14 மட்டைகள். எல்லாவற்றையும் கூட்டினால் 5.8 கிலோ. பையின் சொந்த எடையை 2.2 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். கால் வைத்த சாதாரணப் பைகள் பெரும்பாலும் இரண்டை ஒட்டியே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு பந்து, மழைக் கோட்டு, துண்டு, இரண்டு வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து 2 கிலோ. மொத்தம் 10 கிலோ. இனி இந்த அத்தியாயம் முழுவதும் நாம் சுமக்கப்போவது இதே பையைத்தான்.

கடைச் சீட்டில் அச்சிட்டிருக்கும் எடை அந்தப் பத்தில் இரண்டு மட்டுமே என்பதைப் பார்த்தீர்களா? இன்னும் 300 கிராம் குறைந்த பைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு பந்து விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆறு பந்தைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் 275 கிராம். லேசான பையை வாங்கிவிட்டு அதில் ஒரு டஜன் பந்தைத் திணிப்பவர் கொடுத்த காசு அங்கேயே கரைந்துவிட்டது.

14 என்பது உச்ச வரம்பு, கட்டாயம் அல்ல. 1930களில் லாசன் லிட்டில் போன்ற சாம்பியன்கள் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளோடு வந்தார்கள். சுமந்தது கேடியின் தோள். அமெரிக்காவில் 1938இல்தான் வரம்பு வந்தது. மீறினால் அபராதம் சுரீர் என்று இருக்கும். 2001 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாள், முதல் குழியை அருமையாக முடித்து முன்னணிக்கு வந்த இயன் வூஸ்னத்திடம் இரண்டாவது குழியில் அவருடைய கேடி, பையில் 15 மட்டைகள் இருப்பதாகச் சொன்னார். பயிற்சியில் பார்த்த இரண்டாவது டிரைவர் உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு அடி அபராதம், முதலிடமும் கைநழுவியது. தானே சுமக்கிற சாதாரண ஆட்டக்காரருக்கோ பத்து மட்டையே தாராளம். நாலு மட்டையை வீட்டில் விட்டால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறையும். எந்தக் கடையும் அவ்வளவு லேசான பையை விற்பதில்லை.

முதுகு போடும் கணக்கு

இப்போது புதிரின் மையத்துக்கு வருவோம். வாளியைக் கையைத் தொங்கவிட்டுப் பிடித்தால் ஒரு கனம். அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து விநாடி தாங்காது. தண்ணீர் கூடவில்லை. கூடியது உடலிலிருந்து வாளிக்கு இருக்கும் தூரம். எடை எவ்வளவோ அதைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். ஒரு பொருளைச் சாய்க்கவோ சுழற்றவோ முயலும் வலிமை. தசைகள் சமாளிக்க வேண்டியது அந்தப் பெருக்குத்தொகையை.

பழைய பாணியில் ஒற்றை வாரை வலது தோளில் மாட்டிப் பையைத் தொங்கவிடுங்கள். பையின் நடுப்பகுதி முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் சுமார் 20 செ.மீ. தள்ளி நிற்கும். 10 கிலோ, 20 செ.மீ.: பெருக்கினால் 200. உடம்பை வலது பக்கம் சாய்க்க இந்த 200 இழுக்கிறது. சாயாமல் இருக்க இடது பக்கத்து முதுகுத் தசைகள் எதிர்ப்பக்கம் 200 கொடுத்தாக வேண்டும். அவை முதுகெலும்பை ஒட்டியே ஓடுகின்றன. நடுவிலிருந்து 5 செ.மீ. தூரம்தான். ஐந்தால் பெருக்கி 200 வர வேண்டுமானால் அந்தத் தசைகள் 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும்.

அந்த 40 கிலோ எங்கே போகிறது? தசை கீழ்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் மேல் விழுகிறது. பையின் 10 கிலோவும் அதே டிஸ்க் மேல்தான். ஆக, தோளில் 10 கிலோ. முதுகின் அடியில் 50 கிலோ. இடுப்புக்கு மேலே இருக்கும் உங்கள் சொந்த உடம்பின் எடை இதில் சேரவில்லை.

உடம்பில் ஒரு தசை மட்டும் வேலை செய்வதில்லை, பல தசைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கொஞ்சம் சாய்ந்தும் சமாளிக்கிறோம். எனவே 50 என்பது துல்லியமான எண் அல்ல. ஆனால் கணக்கின் உருவம் சரி. இரண்டு வாளி ஏன் சுகம் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. வலது பக்கத்து 200ஐ இடது பக்கத்து 200 ரத்துசெய்துவிடுகிறது. பக்கத் தசைகளுக்கு வேலையே இல்லை. முதுகில் விழுவது 20 கிலோ, அவ்வளவுதான்.

இதே கணக்கை வைத்துக் கடைக்குப் போவோம். எடையில் 300 கிராம் குறைந்த பை முதுகில் எவ்வளவு குறைக்கும்? ஒவ்வொரு கிலோவும் ஐந்தாக விழுகிறது. எனவே ஒன்றரைக் கிலோ. எடையை அப்படியே வைத்துக்கொண்டு பையை 4 செ.மீ. உடம்போடு நெருக்கினால்? 10 கிலோ, 16 செ.மீ., பெருக்கினால் 160, தசையின் இழுப்பு 32, மொத்தம் 42. எட்டுக் கிலோ குறைந்துவிட்டது. எடைச் சீட்டைப் பார்த்துப் பை வாங்குவது தவறான எண்ணைப் பார்த்து வாங்குவது என்று நான் சொல்வது இதனால்தான். மெலிந்த பையின் நடு அச்சு உடம்புக்கு அருகில் இருக்கும். வாய் அகலம் 25 செ.மீ. இருக்கும் பைக்கும் 22 இருக்கும் பைக்கும் அச்சில் ஒன்றரை செ.மீ. வித்தியாசம், முதுகுக்கு அது மூன்று கிலோ. ஒவ்வொரு மட்டைக்கும் தனி அறை என்று 14 குழாய் வைத்த பை பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் அதற்கு வாய் அகலம் வேண்டும். நடப்பவருக்கு நாலைந்து பிரிவு போதும்.

இரண்டாவது வார்

கோல்ஃப் ஆட்டத்தின் வயதைப் பார்த்தால் பை நேற்று வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கேடிகள் மட்டைகளைக் கட்டாக அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நடந்தார்கள். பை வந்தபோது ஒற்றை வாரோடு வந்தது. நூறு ஆண்டு அப்படியே இருந்தது. ஏன் யாரும் மாற்றவில்லை? என் ஊகம் இது: பையை வாங்கியவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். 1913 அமெரிக்க ஓப்பனில் பிரான்சிஸ் ஒய்மெட் வென்றபோது அவருடைய பையைத் தூக்கியவன் பத்து வயதுப் பையன் எட்டி லோவரி. நம் ஊர் நிலைமையும் வேறல்ல. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப் முதல் ஊட்டி, கொடைக்கானல் மேடுகள் வரை, பையோடு நடப்பவர் பெரும்பாலும் கேடிதான். வலி அனுபவிப்பவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

சுமப்பவரே வாங்குபவரும் ஆனபோது மாற்றங்கள் வேகமாக வந்தன. 1986இல் மொன்டானா மாநிலத்தின் சன் மவுன்டன் நிறுவனம் பையோடு சேர்ந்த மடக்குக் கால்களைக் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கர் தியோடர் இஸோவின் இரட்டை வார் வந்தது. பள்ளிப் பையைப் போல இரண்டு தோளிலும் மாட்டினால், கோல்ஃப் பை முதுகின் கீழே குறுக்காகப் படுத்துக்கொள்ளும்.

எடை அதே 10 கிலோ; முதுகெலும்பிலிருந்து தூரமும் ஏறத்தாழ அதே 20 செ.மீ. அப்படியானால் என்ன லாபம்? பக்கம் மாறியதுதான் லாபம். சுமை இப்போது பின்னால் இருக்கிறது. பின்னால் இழுக்கும் 200ஐச் சமாளிக்கத் தசை முறுக்க வேண்டியதில்லை. முன்னால் சற்றுச் சாய்ந்தால் போதும். 70 கிலோ ஆளுக்கு இடுப்புக்கு மேலே 40 கிலோ இருக்கும். அந்த 40ஐ 5 செ.மீ. முன்னால் நகர்த்தினால் 200 வந்துவிட்டது. கணுக்காலும் இடுப்பு மூட்டும் முன்னால் சாய்வதற்கென்றே அமைந்தவை, யோசிக்காமலே செய்துவிடுகிறோம். இதே 5 செ.மீ. சாய்வைப் பக்கவாட்டில் செய்து பாருங்கள். முதுகெலும்பு வில்லாக வளைய வேண்டும், டிஸ்க் ஒரு விளிம்பில் நசுங்கும், வார் நழுவாமலிருக்கத் தோளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கோணலோடு நடந்து போய், அதே முதுகை முறுக்கிப் பந்தை அடிக்கவும் வேண்டும்.

அமெரிக்க கிளப்களில் அனுபவமுள்ள கேடிகள் இரண்டு ஆட்டக்காரர்களின் பைகளை ஒன்றாகச் சுமப்பார்கள், தோளுக்கு ஒன்று. கூலி இரண்டு மடங்கு என்பது முதல் காரணம். கோணல் இல்லை என்பது உபரி.

பின்னால் சுமக்கும்போதும் தூரத்தின் கணக்கு ரத்தாகிவிடுவதில்லை. பைக்கும் முதுகுக்கும் நடுவில் தடித்த பஞ்சு மெத்தை வைத்த பைகளைக் கடையில் அழுத்திப் பார்த்து மயங்குகிறோம். அழுத்தினால் பாதியாக அமுங்கும் மெத்தை பரவாயில்லை. அமுங்காத மூன்று செ.மீ. மெத்தை என்பது பையை முதுகிலிருந்து மூன்று செ.மீ. தள்ளி வைக்கும் கருவி. தண்ணீர்க் குப்பி விஷயமும் இதுதான். வெளிப்பக்கத்துப் பாக்கெட்டில் அது ஆடிக்கொண்டு வருவதைவிட, முதுகை ஒட்டிய பாக்கெட்டில் இருப்பது நல்லது.

பாக்கெட்டில் தண்ணீர் எங்கே?

குறுக்காகப் படுத்திருக்கும் பைக்கு இன்னொரு தொல்லை உண்டு. மட்டையின் கனமெல்லாம் அதன் தலையில். எல்லாத் தலைகளும் பையின் ஒரே முனையில். வார்கள் சரியான இடத்தில் தைக்கப்படாவிட்டால் அந்த முனை தாழ்ந்து, ஒரு தோள் மட்டும் இழுபடும். இரண்டு வார் இருந்தும் ஒற்றை வாரின் வலி திரும்பி வரும்.

ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியில் பிடித்துத் தூக்கினால் பை எந்தப் பக்கமும் தாழாது. நம் பையின் உயரம் 88 செ.மீ. என்போம். அடியிலிருந்து அளந்தால் மட்டைகளின் மையம் சுமார் 74 செ.மீ. உயரத்தில், கிட்டத்தட்ட பையின் வாயருகில். பையின் சொந்த மையம் 42இல். மீதி இருப்பது அந்த 2 கிலோ சாமான். அதை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில்.

கீழ்ப் பாக்கெட்டில், அடியிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் வைத்தால் மொத்தப் பையின் மையம் 57 செ.மீ.யில் விழும். மேல் பாக்கெட்டில், 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் 64க்குப் போய்விடும். ஏழு செ.மீ. இதைக் காகிதம் இல்லாமலே போடலாம். சாமான் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதை 35 செ.மீ. நகர்த்தினால் மையம் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 7 செ.மீ. நகரும். தண்ணீர் குடிக்கக் குடிக்க மையம் மேலே ஏறும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பன்னிரண்டாவது குழிக்கு மேல் பை திடீரென்று கோணுவதாகப் புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். காலிக் குப்பியின் வேலை அது.

சோதனை எளிது. பையை நிரப்பி, பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். மட்டைத் தலைகள் இருக்கும் முனை கிடைமட்டமாகவோ சற்று உயர்ந்தோ நிற்க வேண்டும். தாழ்ந்தால் சாமானைக் கீழே இறக்குங்கள். அப்போதும் தாழ்ந்தால் பையை மாற்றுங்கள். நடக்கும்போது மட்டைகள் வழுக்கி விழுவது இந்தப் பைகளில்தான்.

எழுபது தடவை குனிந்தால்

90 அடியில் ஆட்டத்தை முடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 35 அடி, குழியைச் சுற்றியிருக்கும் வழவழப்பான புல்தரையில் போய்விடும். அங்கே குழிக்கு ஒரு தடவை பையை ஓரமாக வைத்தால் போதும். மீதி ஒவ்வோர் அடிக்கும் பையை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். கூட்டினால் 70 தடவையைத் தாண்டுகிறது. 10 கிலோ வீதம், ஒரே காலையில் 700 கிலோவைத் தூக்குகிறார்.

தரையிலிருந்து தூக்குவதா, இடுப்பு உயரத்திலிருந்தா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் ஆட்களின் டிஸ்க்கிலேயே ஊசி செலுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். யார் ஒப்புக்கொண்டார்களோ, அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நேராக நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால், முன்னால் குனியும்போது 150. கையில் 20 கிலோவோடு குனிந்தால் 220. வெறுங்கையோடு குனிவதே ஒன்றரை மடங்கு என்பதைக் கவனியுங்கள். பை லேசாக இருப்பதால் இந்தப் பகுதி குறையாது. உங்கள் உடம்பின் மேல்பாதிதான் அங்கே சுமை.

ஒன்றரைக் கிலோகூட இல்லாத, காலில்லாத ஒல்லிப் பைகள் விற்கின்றன. ஏழெட்டு மட்டையோடு ஒன்பது குழி ஆடிவிட்டு வர அவை அருமை. முழு ஆட்டத்துக்கு, முதுகில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்களுக்கு, நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கால் வைத்த பை அரைக் கிலோ கூடுதலாக இருந்தாலும் நின்றபடியே கழற்றி, நின்றபடியே மாட்டலாம். 70 குனிவை மிச்சப்படுத்தும் அரைக் கிலோ அது. கால்கள் விரியும் விதத்தை மட்டும் பாருங்கள்: பையைச் சற்று அழுத்தினாலே விரிய வேண்டும், தூக்கியதும் தானே மடங்க வேண்டும், சரிவில் வைத்தால் கவிழக் கூடாது.

தோளில் பதியும் தடம்

வாரின் அகலத்தைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று செ.மீ. அகல ஒற்றை வார் தோளில் 12 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்றால், 36 சதுர செ.மீ. பரப்பில் 10 கிலோ; சதுர செ.மீ.க்கு 280 கிராம். ஆறு செ.மீ. அகலத்தில் இரண்டு வார் என்றால் 70 கிராம். நான்கில் ஒன்று. தோலுக்கு அடியில் இருக்கும் நுண்குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் 40 கிராமை ஒட்டித்தான். ஆக, எவ்வளவு நல்ல வாரும் அந்த இடத்தில் இரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். கோல்ஃபில் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை இறக்கி வைப்பதால் தோள் தப்பிக்கிறது. கழுத்தோரமாக வார் ஏறிக்கொண்டால் கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கி விரல் மரத்துப்போகும். அப்படி நேர்ந்தால் வாரின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும், மெத்தையைக் கூட்டுவதால் பயனில்லை.

தள்ளிக்கொண்டு போனால்?

மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பையை வைத்து உருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, சுமப்பவர்கள் கொஞ்சம் இளக்காரமாகச் சிரிப்பதுண்டு. அமெரிக்காவின் டென்வரில் நீல் வோல்கொடாஃப் 2008இல் செய்த ஆய்வு அவர்களுக்கு ரசிக்காது. எட்டு ஆட்டக்காரர்கள், மேடுபள்ளமான மைதானத்தில் ஒன்பது குழிகள், நான்கு விதமாக. சுமந்தபோது செலவானது 721 கலோரி, தள்ளியபோது 718. வித்தியாசமே இல்லை. கேடி சுமக்க வெறுங்கையோடு நடந்தபோது 613, மோட்டார் வண்டியில் போனபோது 411. கோர்ட்டில் சொன்ன 500 வேறு விதமாகப் போட்ட கணக்கு. இவற்றோடு ஒப்பிட முடியாது. இந்த நான்கை ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

ஆனால் எடுத்த அடிகளின் எண்ணிக்கை? தள்ளியவர்களுக்குச் சராசரி 40, சுமந்தவர்களுக்கு 45. நான்கு விதங்களிலும் மோசமானது சுமந்ததுதான். எட்டே பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. இருந்தாலும் முதுகின் கணக்கோடு இது பொருந்திப் போகிறது. செலவான ஆற்றல் ஒன்றே. அதைச் செலவிட்ட தசைகள் வேறு. தள்ளுகிறவரின் கால் வேலை செய்கிறது, பையின் எடையைத் தரை தாங்குகிறது, பந்தை அடிக்க வேண்டிய முதுகு ஓய்வாக இருக்கிறது.

எனவே முதுகுவலிக்காரர் நல்ல பை எது என்று கேட்டால் தள்ளுவண்டி என்பதே என் பதில். வண்டியில் வைக்க விரும்புகிறவர் பை வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். கால் வைத்த பைகளின் அடிப்பாகம் சாய்வாக வெட்டியிருக்கும். வண்டியின் தட்டில் அது சரியாக உட்காராமல் ஒவ்வொரு குலுக்கலுக்கும் திரும்பிக்கொள்ளும். காலைக் கட்டிப் பூட்ட வார் இருக்கிறதா, அடிப்பாகம் தட்டில் அசையாமல் பொருந்துகிறதா என்று வைத்தே பார்த்துவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது

உங்கள் மட்டைகளையும் நிரப்பிய தண்ணீர்க் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலிப் பை எல்லாமே தோளில் சுகமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் போட்டு, கைப்பிடியில் தூக்கிச் சமநிலை பார்த்து, பிறகு மாட்டுங்கள். இரண்டாவது வாரைப் பிடிக்கக் கையைப் பின்னால் வளைத்துத் துழாவ வேண்டியிருந்தால் அந்தப் பை உங்கள் தோளுக்கு ஏற்றதல்ல. ஐம்பது வயதுக்கு மேல் இது சின்ன விஷயமில்லை. மாட்டியபின் பை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, முதுகோடு ஒட்டிப் படுக்கிறதா பாருங்கள். கீழே தொங்கி நடக்கும்போது தொடையில் இடித்தால் வாரை இழுத்துச் சுருக்குங்கள். ஒரு விரலை முதுகுக்கும் பைக்கும் நடுவில் விட்டு, எங்கே இடைவெளி விழுகிறது என்று தடவிப் பாருங்கள். பிறகு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள். கடைக்காரர் விலைச் சீட்டில் இருக்கும் எடையைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார், பேசட்டும்.